கோடு போடும் மேசைக்கு வாருங்கள்: கதிரியக்கவியல் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கதிரியக்கவியல் மருத்துவர்களுக்கு,

வணக்கம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் நீங்கள் சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களைப் பார்த்து அறிக்கை எழுதும் அறைக்கும், அதே படங்களை வைத்துக் கதிர்வீச்சுச் சிகிச்சைக்குத் திட்டம் போடும் அறைக்கும் இடையே பெரும்பாலும் ஒரு தாழ்வாரமோ ஒரு மாடிப்படியோதான் இருக்கும். அந்த இரண்டாவது அறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மருத்துவ இயற்பியலாளனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்தத் தாழ்வாரத்தை நீங்கள் கடந்து வர வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். தலையிலோ கழுத்திலோ புற்றுநோய் வந்து கதிர்வீச்சுக்கு வரும் ஒவ்வொருவருக்கும், முதல் நாள் சிகிச்சைக்கு முன்பாக, கட்டி இதுவரைதான் என்று நாங்கள் படத்தின்மேல் வரைந்திருக்கும் கோட்டை உங்களில் ஒருவர் எங்களோடு உட்கார்ந்து ஒருமுறை பார்க்க வேண்டும். வாரத்துக்கு ஒரு மணி நேரம் போதும். கேட்பது இவ்வளவுதான்; ஏன் கேட்கிறேன் என்பதைச் சொல்லத்தான் மடல் நீளுகிறது.

நோயாளிகள் இந்தச் சிகிச்சையைக் ‘கரண்டு வைப்பது’ என்பார்கள். அதற்குமுன் எங்கள் அறையில் என்ன நடக்கிறது என்பது உங்களில் பலருக்கு நேரில் பார்த்துத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. வெந்நீரில் இளக்கிய நெகிழித் தகட்டை முகத்திலிருந்து தோள்வரை படியவைத்து, அது இறுகியதும் கிடைக்கும் மாஸ்க்கோடு நோயாளியைத் தட்டையான மேசையில் அசையாமல் படுக்கவைத்து, திட்டமிடலுக்கென்றே ஒரு சி.டி. எடுக்கிறோம். மூன்று மில்லிமீட்டருக்கு ஒரு வெட்டு என்ற கணக்கில் உச்சந்தலையிலிருந்து மேல்மார்பு வரை நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் வரும். கதிர் உடலுக்குள் எவ்வளவு உறிஞ்சப்படும் என்பதைக் கணக்கிடச் சி.டி. எண்கள் வேண்டும் என்பதால், எம்.ஆர்.ஐ., பெட் (உடலில் செலுத்திய கதிரியக்கச் சர்க்கரை எங்கே சேர்கிறது என்று காட்டும் ஸ்கேன்) என எது இருந்தாலும் அடித்தளம் இந்தச் சி.டி.தான். இதன் ஒவ்வொரு வெட்டிலும் கதிர்வீச்சுச் சிகிச்சை மருத்துவர் கோடு வரைகிறார். கண்ணுக்குத் தெரியும் கட்டிக்கு ஒன்று, அதைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாமல் நோய் பரவியிருக்கக்கூடிய இடத்துக்கு இன்னொன்று, நோயாளி நாளுக்கு நாள் சற்றே மாறிப் படுப்பதற்கு இடம்விட்டு மூன்றாவது ஒன்று. இந்த மூன்றடுக்கு முறையை ஐ.சி.ஆர்.யு. என்னும் பன்னாட்டு அமைப்பு 1993இல் தன் 50ஆம் அறிக்கையில் வகுத்துக் கொடுத்தது.

கோடுகள் முடிந்த பிறகுதான் என் போன்றோரின் வேலை தொடங்கும். கட்டிக்கு ஏழு வாரங்களில், 35 தவணைகளாக, 70 கிரே (திசு வாங்கும் கதிரை அளக்கும் அலகு) போய்ச் சேர வேண்டும். தண்டுவடத்தில் எந்த இடமும் 45 கிரேயைத் தாண்டக் கூடாது. காதடியில் இருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பிக்குச் சராசரி 26 கிரேக்குள் அடங்கினால் நல்லது. இவை எல்லாவற்றையும் ஒருசேரச் சாதிக்கக் கணினியோடு மணிக்கணக்காக மல்லுக்கட்டுவோம். ஆனால், கட்டியின் கோடு சரியான இடத்தில்தான் இருக்கிறதா என்று நாங்கள் கேட்பதில்லை. கேட்கும் தகுதியும் எங்களுக்கு இல்லை. இயந்திரமும் கேட்பதில்லை, கோடு எங்கே இருக்கிறதோ அங்கே மில்லிமீட்டர் பிசகாமல் கொண்டுபோய்க் கொடுக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நிலைமை வேறு. கோபால்ட் இயந்திரம், எக்ஸ்ரே ஃபிலிம், வண்ணப் பென்சில். வாய்ப் புற்றுநோய் என்றால் கதிர் விழும் பரப்பாக இடமும் வலமுமாக எதிரெதிரே இரண்டு பெரிய பெட்டிகளை வரைவோம், கீழ்க்கழுத்துக்கு முன்னாலிருந்து ஒரு பெட்டி. தண்டுவடம் தன் எல்லையை நெருங்கியதும் பின்பக்கத்தை ஈயத்தால் மறைத்துவிட்டு மீதியைத் தொடர்வோம். கட்டி சரியாக எங்கே முடிகிறது என்று தெரியாவிட்டாலும் பெட்டி பெரியது என்பதால் அது உள்ளே அகப்பட்டுவிடும். அறியாமைக்கு அந்தப் பெட்டி இடம் கொடுத்தது. அதற்கு விலையாக இரண்டு பக்க உமிழ்நீர்ச் சுரப்பிகளும் வெந்துபோய், பிழைத்த நோயாளி பாக்கி நாள் முழுக்கத் தண்ணீர் பாட்டிலும் கையுமாக, ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு மிடறு குடித்துக் குடித்து விழுங்க வேண்டியிருந்தது.

கதிரின் செறிவைப் புள்ளிக்குப் புள்ளி மாற்றிக் கொடுக்கும் ஐ.எம்.ஆர்.டி. முறை அந்த விலையைக் குறைத்தது. பிரிட்டனில் 94 பேரிடம் நடத்தி 2011இல் வெளியான பார்ஸ்போர்ட் ஆய்வில், சிகிச்சை முடிந்து ஓராண்டு ஆன பிறகும் கணிசமான வாய் வறட்சியோடு இருந்தவர்கள் பழைய முறையில் 74 சதவீதம், புதிய முறையில் 38 சதவீதம். மும்பை டாடா நினைவு மையத்தில் 60 பேரிடம் நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வும் அதே பக்கம்தான் சாய்ந்தது. எங்களுக்கு மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால், பெட்டி சுருங்கியதோடு அறியாமைக்கான இடமும் சுருங்கிவிட்டது என்பதை நாங்கள் மெதுவாகத்தான் உணர்ந்தோம். சுரப்பியைக் காக்கக் கதிரின் அளவு ஒரு சென்டிமீட்டருக்குள் பாதியாகச் சரியும்படி திட்டம் போடுகிறோம். அந்தச் சரிவுக்கு வெளிப்புறத்தில் கட்டியின் ஒரு துணுக்கு விடுபட்டுப் போயிருந்தால், அதற்குப் போய்ச் சேருவது கொல்லும் அளவு அன்று.

கோடு தவறினால் என்ன ஆகும் என்பதை வேறெந்த ஆய்வையும்விடத் தெளிவாகக் காட்டியது, தலை, கழுத்துப் புற்றுநோயில் டிராபசமைன் என்னும் மருந்தைச் சோதிக்க நடந்த ட்ராக் 02.02 என்ற பன்னாட்டு ஆய்வு. அதில் 861 பேர் சேர்ந்தார்கள். மருந்து பயன் தரவில்லை. ஆனால், ஒவ்வொரு நோயாளியின் கதிர்வீச்சுத் திட்டத்தையும் ஒரு நிபுணர் குழு பின்னர் எடுத்துப் பார்த்து 2010இல் எழுதிய கட்டுரைதான் எங்கள் துறையில் அதிகம் பேசப்பட்டது. ஏறத்தாழ 12 சதவீதத் திட்டங்களில், கட்டி கட்டுப்படுவதையே கெடுக்கும் அளவுக்குக் குறை இருந்தது. அந்தக் குறை உள்ளவர்களில் இரண்டாண்டு உயிரோடிருந்தவர்கள் 50 சதவீதம். சரியாகத் திட்டமிடப்பட்டவர்களில் 70 சதவீதம். எந்தப் புது மருந்தும் இந்த நோயில் இருபது சதவீத வேறுபாட்டைத் தந்ததாக நான் அறியேன். இன்னொரு கணக்கும் அதில் உண்டு. ஆய்வில் ஐந்துக்கும் குறைவான நோயாளிகளைச் சேர்த்த மையங்களில் பெருங்குறை உள்ள திட்டங்கள் ஏறத்தாழ 30 சதவீதம். இருபதும் அதற்கு மேலும் சேர்த்த மையங்களில் 5 சதவீதம். பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணின் மதிப்பு அந்த இரண்டு எண்களுக்கு இடையே இருக்கிறது. குறைகள் எல்லாமே கோட்டில் நேர்ந்தவை அல்ல என்பதையும் நேர்மைக்காகச் சொல்லிவிடுகிறேன். திட்டம் போட்டவர்களின் பிழைகளும் அதில் அடக்கம்.

கழுத்தின் படத்தைப் படிப்பதில் பழகிய கண் உங்களுடையது. கதிர்வீச்சுச் சிகிச்சை மருத்துவருக்கு நோய் எப்படிப் பரவும், எவ்வளவு கதிர் தாங்கும் என்பது தெரியும். படத்தை வாசிப்பதை அவர் பெரும்பாலும் வேலையின் நடுவே தாமாகக் கற்றுக்கொள்கிறார். உங்களுக்குப் படத்தை வாசிப்பதே தொழில். ஆனால், நீங்கள் வாசித்தது கோடாக மாறும் இடத்தில் நீங்கள் இருப்பதில்லை. இந்தப் பிரிவு எப்போதும் இருந்ததன்று. சென்னை அரசுப் பொது மருத்துவமனை வளாகத்தில் 1934இல் கேப்டன் பர்னார்டைத் தலைவராகக் கொண்டு திறக்கப்பட்ட கதிரியக்கவியல் நிலையத்தில், எக்ஸ்ரே எடுப்பதும் ரேடியம் வைப்பதும் ஒரே கூரையின்கீழ்தான் நடந்தன. தொழில்கள் பெருகப் பெருக அண்ணன் தம்பி தனிக்குடித்தனம் போனது போல இரண்டும் பிரிந்தன. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், நல்லது கெட்டதுக்குக்கூட வந்து போகாமல் இருப்பதுதான் உறுத்துகிறது.

அறிக்கையைத்தான் அனுப்பிவிடுகிறோமே, அது போதாதா என்று நீங்கள் கேட்கலாம். அறிக்கை எந்தக் கேள்விக்கு விடையாக எழுதப்படுகிறது என்று பாருங்கள். கட்டி எவ்வளவு பெரியது, எலும்பைத் தொட்டதா, எந்த நெறிக்கட்டி வீங்கியிருக்கிறது, எந்த நிலை. அறுவை மருத்துவருக்கும் நிலைப்படுத்தலுக்கும் வேண்டிய விடைகள் இவை. எங்களுக்கு வேண்டியது இந்த வெட்டில் இந்த ஓரம் கட்டியா, வீக்கமா என்ற விடை. ‘வரையறை தெளிவற்ற புண்’ என்ற சொற்றொடர் அறிக்கையில் முழுக்க முழுக்கச் சரியானது. ஆனால், வரையறை தெளிவற்றதற்கும் நாங்கள் ஒரு வரையறையை வரைந்தே தீர வேண்டியிருக்கிறது.

எனக்கு இது உறைத்த நாள் ஒன்று உண்டு. எந்த ஊர், எந்த மருத்துவமனை என்பது இங்கே வேண்டாம். கடைசிக் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் புண் வந்த ஒருவருக்கு நாங்கள் திட்டம் போட்டோம். அறிக்கையில் கட்டியின் அளவு, எலும்பின் நிலை, நெறிக்கட்டிகள் எல்லாம் சரியாகவே இருந்தன. அறிக்கைக்கு ஏற்பக் கோடும் வரையப்பட்டது. நான் போட்ட திட்டம் அழகாக இருந்தது. எதிர்ப்பக்கச் சுரப்பியை அதில் காப்பாற்றியதைப் புதிதாக வந்த மாணவர்களிடம் காட்டிப் பெருமையும் பட்டுக்கொண்டேன். எட்டு மாதம் கழித்து அவர் கன்னமும் தாடையும் மரத்து, தாங்க முடியாத வலியோடு திரும்பி வந்தார். மண்டையோட்டின் அடிப்பகுதியில், முக்கிளை நரம்பின் கீழ்க்கிளை வெளியே வரும் நீள்வட்டத் துளையில் கட்டி உட்கார்ந்திருந்தது. வாய்க்குள் பழைய இடம் சுத்தமாக இருந்தது.

அப்போது கதிரியக்கவியல் துறையில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு மருத்துவரிடம் பழைய எம்.ஆர்.ஐ. படங்களை எடுத்துக்கொண்டு போனோம். இரண்டு நிமிடம் மேலும் கீழுமாக ஓட்டிப் பார்த்தார். நரம்பைச் சுற்றி இயல்பாக இருக்க வேண்டிய கொழுப்பு ஒரு பக்கம் மட்டும் மறைந்திருப்பதையும், நரம்பு தடித்து மேலேறுவதையும் பேனா முனையால் காட்டினார். பிறகு, “இவருக்கு முதலிலேயே கீழுதடு மரத்திருந்ததா?” என்று கேட்டார். நோயாளியின் கோப்பைப் புரட்டினோம். இருந்தது. முதல் நாளே பயிற்சி மருத்துவர் எழுதி வைத்திருந்தார். ஆனால், ஸ்கேனுக்கு நாங்கள் அனுப்பிய படிவத்தில் நோயின் பெயரும் ‘கழுத்துக்கு எம்.ஆர்.ஐ.’ என்ற ஒரு வரியும் தவிர வேறொன்றும் இல்லை. உதடு மரத்திருக்கிறது என்று படிவத்தில் ஒரு வரி எழுதியிருந்தால் படத்தை வாசித்தவர் அந்த நரம்பின் வழியே மேலே போய்ப் பார்த்திருப்பார். கோடு வரையும்போது அவர் பக்கத்தில் இருந்திருந்தாலும் பார்த்திருப்பார். இரண்டுமே நடக்கவில்லை. ஆகவே, இந்த மடலைக் குற்றச்சாட்டாக நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. வெற்றுப் படிவம் எங்கள் தவறு.

இந்த ஒரு நரம்பு மட்டும் என்றால் நான் மடல் எழுதியிருக்க மாட்டேன். தொண்டைக்குப் பின்னால், கழுத்தின் முதல் இரண்டு முள்ளெலும்புகளுக்கு முன்னால், தலைக்குப் போகும் பெரிய தமனியின் உட்பக்கமாக ஒளிந்திருக்கும் நெறிக்கட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். கையால் தொட்டுப் பார்க்க முடியாத இடம், சி.டி.யில் பக்கத்துத் தசையோடு கலந்துபோகும், எம்.ஆர்.ஐ.யில் தேடினால் கிடைக்கும். கழுத்தின் நெறிக்கட்டிகளை, அவை இருக்கும் பகுதியைப் பொறுத்து, நீங்கள் ஒன்றிலிருந்து ஆறு அல்லது ஏழு வரை எண்ணிட்டு எழுதுவது வழக்கம். கதிர்வீச்சுச் சிகிச்சையாளர்களுக்காக 2013இல் பன்னாட்டுக் குழுக்கள் கூடித் திருத்திய வரைமுறை பத்து வரை போகிறது. தொண்டைக்குப் பின்னால் இருப்பவை அதில் ஏழின் முதற்பிரிவு. ‘ஒன்று முதல் ஆறு வரை குறிப்பிடத்தக்க நெறிக்கட்டிகள் இல்லை’ என்று வரும் அறிக்கையில் அந்த இடம் பார்க்கப்பட்டு இல்லை என்று சொல்லப்படுகிறதா, அல்லது அச்சடித்த வார்ப்புருவில் அந்த வரியே இல்லையா என்பது எங்களுக்குத் தெரியாது. அருகில் உட்கார்ந்திருந்தால் தலையைத் திருப்பிக் கேட்டுவிடலாம்.

நம் ஊர் நோய்க்கே உரிய சிக்கல் ஒன்றும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை கணித்தபடி 2022இல் இந்தியாவில் உதட்டிலும் வாயிலும் புற்றுநோய் புதிதாக வந்தவர்கள் மட்டும் 1,43,000க்கும் மேல். புகையிலையும் பாக்கும் அடக்கி வைக்கும் கன்னப் பையிலும் ஈற்றுப் பள்ளத்திலும் தொடங்குபவை இவற்றில் ஏராளம். கன்னச் சவ்வும் ஈறும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பதால் கட்டி எதிலிருந்து கிளம்பியது என்பது சாதாரண சி.டி.யில் தெரியாது என்று, கன்னத்தைக் காற்றால் உப்பவைத்து நீங்கள் ஸ்கேன் எடுக்கிறீர்கள். அருமையான உத்தி. ஆனால், எங்கள் திட்டமிடல் சி.டி.யில் நோயாளி மாஸ்க்குக்குள் வாயை உப்ப முடியாமல், சில நேரம் நாக்கை அழுத்தும் கட்டையைக் கடித்தபடி, கழுத்தைச் சற்று நிமிர்த்திப் படுத்திருப்பார். உங்கள் படத்தில் பிரிந்து தெரிந்த இரண்டும் எங்கள் படத்தில் மீண்டும் ஒட்டிக்கொள்ளும். இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தக் கணினியில் வசதி உண்டு. எலும்பை அது நன்றாகவே பொருத்தும், உப்பிய கன்னத்தை உப்பாத கன்னத்தோடு பொருத்தும்போது அது போடும் கூத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும். அந்த இடத்தில் வேண்டியது இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ‘அங்கே கண்டது இங்கே இதுதான்’ என்று சொல்லும் ஒரு மனிதர்.

பற்களில் உலோகத் தொப்பியும் வெள்ளி அடைப்பும் இருப்பவர்களின் சி.டி.யில் வாயின் நடுப்பகுதி முழுக்கக் கோடு கோடாகச் சிதறித் தெரியும். கதிர்வீச்சுக்கு முன்பாகக் கெட்ட பற்களைப் பிடுங்கிவிடுவது வழக்கம் என்பதால், பெட் ஸ்கேனில் ஆறாத பல்குழி ஒளிர்ந்து கட்டியைப் போல ஏமாற்றும். திசுத் துணுக்கு எடுத்த இடமும் அப்படியே. தாடையெலும்பின் மஜ்ஜை எம்.ஆர்.ஐ.யில் நிறம் மாறியிருந்தால் அது நோயா, பல் வேரின் சீழா என்பதை ஒரு படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இவையெல்லாம் உங்களுக்குப் பாலபாடம். எங்கள் அறையில் ஒவ்வொன்றும் ஒரு சங்கடம். பல நேரம் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று கோட்டை அகலமாக்கிவிட்டுப் போகிறோம். அந்த அகலத்துக்கு விலையாகத் தாடையெலும்போ விழுங்கும் தசையோ கதிர் வாங்கிக்கொள்ளும். கோடு சிறிதாகிப் போவதைப் பற்றியே இதுவரை பேசினேன். பெரிதாகிப் போவதற்கும் நோயாளிதான் விலை கொடுக்கிறார்.

படம் எல்லாவற்றையும் காட்டிவிடும் என்று நான் சொல்லவில்லை. பெல்ஜியத்தில் லூவேன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தார் 2004இல் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. தொண்டை, குரல்வளைப் புற்றுநோயாளிகள் 29 பேருக்குச் சி.டி., எம்.ஆர்.ஐ., பெட் மூன்றும் எடுத்தார்கள். அவர்களில் 9 பேருக்கு அறுவையில் குரல்வளை முழுவதையும் எடுத்து, அந்த உறுப்பில் கட்டி உண்மையில் எவ்வளவு இருந்தது என்று ஒப்பிட்டார்கள். மூன்றில் பெட் உண்மைக்கு மிக நெருங்கி வந்தது; மற்ற இரண்டும் கட்டியை அதைவிடப் பெரிதாகக் காட்டின. ஆனால், சவ்வின் மேற்பரப்பில் மெல்லியதாகப் பரவியிருந்த நோயை மூன்றுமே முழுதாகக் காட்டவில்லை. அதைக் கண்டுபிடிப்பது விளக்கும் அகநோக்கியும் மருத்துவரின் விரலும்தான். ஆகவே, நாங்கள் உங்களிடம் கொண்டுவர வேண்டியதும் ஒன்று இருக்கிறது: வாயைத் திறந்து பார்த்தபோது என்ன தெரிந்தது, எங்கே தடவினால் கடினமாக இருந்தது என்ற செய்தி. சிகிச்சை மருத்துவர் அதைச் சொல்ல, நீங்கள் படத்தில் தேட, கோடு அப்படி உருவாக வேண்டும். எல்லா நோயாளிக்கும் பெட் எடுக்க வசதியில்லாத இடத்தில் இந்த உரையாடலுக்கு மதிப்பு இன்னும் கூடும்.

அறுவை முடிந்து வருபவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தாடையில் பாதியை எடுத்து மார்புத் தசையைக் கொண்டுவந்து தைத்த பிறகு, கட்டி இருந்த இடம் படத்தில் அடையாளமே தெரியாது. அறுவைக்கு முந்தைய ஸ்கேன்தான் எங்களுக்கு வரைபடம். நோயாளி ஓர் ஊரில் அறுவை செய்துகொண்டு இன்னொரு ஊருக்குக் கதிர்வீச்சுக்கு வருகிறார்; கையில் பெரிய உறையில் ஃபிலிம் மட்டும் இருக்கும். அதை ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து, பொட்டுப் பொட்டாய் அச்சான இருபது படங்களிலிருந்து கட்டியை மனத்தில் கட்டியெழுப்பிக் கோடு வரையும் காட்சி இன்றைக்கும் நடக்கிறது. படங்களைக் கணினியிலிருந்து கணினிக்கு மாற்றுவதற்கான டைகாம் தரம் 1993இலேயே வந்துவிட்டது. கழுத்து ஸ்கேன் எடுக்கும் ஒவ்வொருவருக்கும் ஃபிலிமோடு ஒரு குறுந்தகட்டையும் கேட்காமலே கொடுத்தனுப்பும்படி உங்கள் தொழில்நுட்பர்களிடம் சொல்லிவைத்தால், முகம் தெரியாத ஏதோவொரு திட்டமிடல் அறையில் ஒருவர் உங்களை வாழ்த்துவார்.

உங்களுக்கு நேரம் இல்லை என்பது எனக்குத் தெரியும். விபத்தில் அடிபட்டவரின் மூளை ஸ்கேன் காத்திருக்கும்போது ஏழு வாரச் சிகிச்சைக்கான கோட்டைப் பார்க்க வாருங்கள் என்று கூப்பிடுவது அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றலாம். ஆனால், ஒரு நோயாளிக்கு வேண்டியது நான் சொன்ன அந்த இரண்டு நிமிடத்திலிருந்து பத்து நிமிடம்தான். நெறிக்கட்டி இல்லாத தொடக்கநிலைக் குரல்நாண் புற்றுநோய்க்கு அதுவும் வேண்டாம். நீங்கள் சொல்வதைக் கேட்டு வரைந்த கோட்டுக்குச் சட்டப் பொறுப்பு யாருடையது என்ற தயக்கமும் நியாயமானதே. கையெழுத்துச் சிகிச்சை மருத்துவருடையதாகவே இருக்கட்டும். உங்கள் கருத்தை அவர் ஒரு வரியில் கோப்பில் குறித்துக்கொண்டால் போதும். செயற்கை நுண்ணறிவு மென்பொருள் வந்துவிட்டதே, இனி எதற்கு இது என்று சிலர் கேட்கிறார்கள். தண்டுவடத்தையும் சுரப்பிகளையும் அது சில நிமிடங்களில் வரைந்து கொடுக்கிறது, நன்றாகவே வரைகிறது, எங்கள் மாலைப் பொழுதுகள் மிச்சமாகின்றன. மரத்த உதட்டை அது கேட்டறியாது.

சிகிச்சையின் நடுவிலும் உங்கள் கண் தேவைப்படும் ஒரு தருணம் உண்டு. ஹூஸ்டனில் எம்.டி. ஆண்டர்சன் மையத்தில் 14 பேருக்கு வாரம் மூன்று முறை சி.டி. எடுத்துப் பார்த்து 2004இல் எழுதினார்கள்: கட்டி நாளொன்றுக்குத் தன் தொடக்க அளவில் ஏறத்தாழ 1.8 சதவீதம் வீதம் சுருங்கியது. உமிழ்நீர்ச் சுரப்பிகளும் சிறுத்து, சிகிச்சை முடிவதற்குள் 3 மில்லிமீட்டர் அளவுக்கு உள்நோக்கி, அதாவது கதிர் அதிகம் விழும் பக்கத்துக்கு, நகர்ந்தன. நம் நோயாளிகளோ வாய்ப் புண்ணால் சாப்பிட முடியாமல் நான்காவது வாரத்தில் மாஸ்க்குக்குள் ஆடும் அளவுக்கு மெலிந்துபோகிறார்கள். அப்போது புதிய மாஸ்க்கும் புதிய சி.டி.யும் எடுத்தால், சுருங்கிய கட்டிக்கு ஏற்பக் கோட்டையும் சுருக்கலாமா, நோய் முன்பு இருந்த இடத்தை விட்டுவிடலாமா என்ற கேள்வி வரும். விடக் கூடாது என்பதே பொதுக் கருத்து. சுருங்கிய திசு எந்த எலும்பை ஒட்டியிருந்தது, காற்றுவெளி எங்கே புதிதாகத் திறந்தது என்பதைப் பழைய படத்தோடு ஒப்பிட்டுச் சொல்ல உங்களைவிடப் பொருத்தமானவர் இல்லை.

இனி நடைமுறை. துறைத் தலைவர்கள் இருவரும் பேசி வாரத்தில் ஒரு பிற்பகலைக் குறித்துக்கொண்டால் போதும். அரசாணையும் நிதியும் தேவைப்படாத காரியம் இது. இடம் எங்கள் திட்டமிடல் அறையாகவே இருக்கட்டும், கோடுகள் அந்தக் கணினியில்தான் இருக்கின்றன. உங்கள் பட்டமேற்படிப்பு மாணவர் ஒருவரையும் கூட்டி வாருங்கள். எங்கள் தரப்பில், படிவத்தை நோயாளியின் கதையோடு நிரப்பி அனுப்புவதை அன்றே தொடங்கிவிட வேண்டும்: எங்கே புண், எங்கே மரத்திருக்கிறது, வாய் எத்தனை விரல் திறக்கிறது, என்ன அறுவை நடந்தது, கடைசியாகப் பல் பிடுங்கியது என்றைக்கு. இதை என் தோழர்களான சிகிச்சை மருத்துவர்களும் இயற்பியலாளர்களும் படிப்பார்கள் என்ற எண்ணத்தில்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் நாள் வரும்போது புது நோயாளிகளோடு தொடங்க வேண்டாம். சிகிச்சை முடிந்த பிறகு நோய் திரும்பிய மூன்று பேரின் பழைய ஸ்கேனையும், அன்று நாங்கள் வரைந்த கோட்டையும், நோய் திரும்பிய இடத்தின் புது ஸ்கேனையும் ஒரே திரையில் திறந்து வைக்கச் சொல்லுங்கள். புது ஸ்கேனை மூடிவிட்டு, பழையதை மட்டும் முதலில் பாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மருத்துவ இயற்பியலாளன் ஒருவன்